கத்தியும் அதன் துணைகளும்

நெய்வேலி நெருப்போடு வாழும் ஊர். 1956-ஆம் ஆண்டில் இங்குப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1962-இல் அனல் மின்சாரம் பிறந்தது. ஒளி தரும் நெருப்பு ஊறும் செய்யும். 2020-ஆம் ஆண்டு மே, ஜூலைத் திங்கள்களில் நிகழ்ந்த இரு கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர் பலர் மாண்டனர்; பலர் தீப்புண்பட்டனர். புண் ஆறிய பின்னும் சிலர்க்குத் தழும்பே நோயாகிறது. அதனை வெல்ல மனிதன் முயன்ற வரலாற்றை இன்று காண்போம்.

தடித்த தழும்பு இருவகைத்து. காயத்தின் எல்லைக்குள் நின்று, நாளடைவில் தணிவது ஒன்று. தீப்புண்ணில் இதுவே மிகுதி. எல்லை கடந்து நல்ல தோலிலும் படர்வது மற்றொன்று, அதுவே கீலாய்டு. காது குத்திய சிறு துளையும் மார்பில் தோன்றிய பருவும் கூட அதற்குப் போதும். கருநிறத் தோலினரிடம் இது மிகுதியாகக் காணப்படும்.

1806-இல் பாரிஸ் நகர மருத்துவர் அலிபெர் இதனை விளக்கினார். முதலில் புற்றுநோயை நினைவூட்டும் பெயரை இட்டவர், இது புற்று அன்று எனத் தெளிவுபடுத்தப் பின்னர் அதனை மாற்றினார். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே 'கீலாய்டு' என்னும் பெயர் பிறந்தது.

வேண்டாத தசையை வெட்டி எறிந்தால் தீராதோ எனலாம். தீராது. வெட்டும் ஒரு காயமே அன்றோ? அதனை ஆற்ற உடல் மீண்டும் அளவிறந்த நார்களை நெய்கிறது. வெட்டு மட்டும் செய்தால், பாதிக்கு மேற்பட்டோர்க்குத் தழும்பு திரும்பி வருவதுண்டு. முன்னினும் பெரிதாகவும் வரலாம்.

ஆகவே கத்திக்குத் துணை தேடினர். 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். 1906-க்குள் பிரெஞ்சு மருத்துவர் அதனைக் கீலாய்டுக்குப் பயன்படுத்தினர். 1960-களில் தழும்பினுள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடும் முறை பரவியது. 1980-களில் சிலிக்கோன் தகடு வந்தது. இன்று அறுவை முடிந்த ஓரிரு நாளுக்குள் கதிர்ச்சிகிச்சை தொடங்குவதும், மாதக்கணக்கில் ஊசி போடுவதும், காது மடலில் அழுத்தும் கவ்வி அணிவிப்பதும் வழக்கம். சிறுவர்க்குக் கதிரை இயன்றவரை தவிர்ப்பர்.

ஒரு கருவியால் ஆகாதது பல கருவிகளின் கூட்டால் ஆகிறது. அதற்கும் பொறுமை வேண்டும். கீலாய்டு தொற்றுநோய் அன்று. உங்கள் வகுப்பில் தழும்புடைய தோழர் இருப்பின், அருகில் அமருங்கள். அதனைச் சுடவோ அறுக்கவோ முற்படுவோரிடம் அவரை விடாது, தகுந்த மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.