சதியபுத்திரரும் ஏதுப்போலியும்

வரலாற்றாராய்ச்சி சான்றுகளைத் திரட்டுதலோடு அமைவதன்று. சான்றினின்று முடிபுக்குச் செல்லும் வழியும் பிழையற்றதாதல் வேண்டும். அவ்வழியில் நேரும் பிழைகளை மணிமேகலையின் 29ஆம் காதை பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி எனப் பகுத்து விரிக்கின்றது. அவற்றுள் ஏதுப்போலியின்பாற்படும் ‘சாதாரணம்’ என்பதனை, சேலம் நாமக்கல் நிலப்பகுதியோடு தொடர்புடைய அதியர் வரலாற்றில் வைத்து ஈண்டு ஆராய்வாம்.

துணியப்படும் தன்மை உள்ள பொருளினும் அஃதில்லாத பொருளினும் ஒப்ப நிற்கும் ஏதுவே சாதாரணம். ‘ஒலி அழியும், அறியப்படுதலின்’ என்பது போல்வது அது. அழிவனவும் அறியப்படும், அழியாதனவும் அறியப்படும். ஆகலின் அவ்வேது எதனையும் நிறுவாது.

அசோகனது இரண்டாம் பாறைச் சாசனம் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் என்பாரோடு சதியபுத்திரரையும் எண்ணுகின்றது. இவர் யாவர் என்பது நெடுநாள் வழக்காயிருந்தது. சத்தியமங்கலப் பகுதியினர் என்றார் வின்சென்ட் சுமித்து. வாய்மை தவறாக் கோசர் என்றனர் சிலர். காஞ்சியின் சத்தியவிரதத் தலப்பெயரையும், மராட்டியரின் சாத்புத்தே என்னும் குடிப்பெயரையும் காட்டினாரும் உளர். தகடூர் அதியரே என்றார் கே. ஜி. சேஷையர். தகடூராவது இன்றைய தருமபுரி. 1965 வரை சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தது.

இக்கொள்கைகளுக்கெல்லாம் தலையாய ஏது பெயரொலி ஒப்புமையே. ஓரேது ஐந்து முடிபுகளுக்கும் ஒப்ப இடந்தருமாயின், ஒன்றனையும் நிறுவமாட்டாது. அதியர் கொள்கைக்குச் சொன்முதற் சகரம் கெடும் ஒலிநெறி துணைநின்றது உண்மையே. எனினும் அது பொருத்தமேயன்றித் துணிபன்று.

1981-இல் திருக்கோவலூரை அடுத்த சம்பையில் வெளிப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியைச் ‘சதியபுதோ’ எனச் சுட்டிற்று. இரு பெயரும் ஒருவற்கே உரியவாய் ஓரிடத்து நின்றன. இவ்வேது ஏனைக் கொள்கைகளுக்கு உரியதன்று; ஆதலின் வழக்குத் தீர்ந்தது. ஆயினும், பின்னர் முடிபு மெய்யாயினமை பற்றி, முன்னர்க் கூறிய ஒலியொப்புமையும் போதிய ஏதுவே எனல் பொருந்தாது.

இக்கல்வெட்டைக் கொண்டு அஞ்சியை அசோகன் காலத்தவன் என்றலும் பிழையாம். அசோகன் கி.மு. 3ஆம் நூற்றாண்டினன், கல்வெட்டோ கி.பி. முதல் நூற்றாண்டளவினது என்பர் ஐராவதம் மகாதேவன். எனவே ‘சதியபுதோ’ குடிப்பெயராதல் வேண்டும். நாமக்கல் அரங்கநாதர் குடைவரை ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’ எனக் கல்வெட்டிற் பெயர் பெறுகின்றது. அது 8ஆம் நூற்றாண்டளவினது. அதனை எடுப்பித்தோர் தம்மை அதியர் எனக் கொண்டமைக்கு அஃது உறுதியான சான்று. சங்ககாலத்து அஞ்சியினின்று இடையறாது வந்த வழியினர் என்பதற்கோ அது மட்டும் போதாது.

எனவே, ஆராய்வார் தாம் காட்டும் ஏது தம் முடிபிற்கு இசைவதோ என்று வினவுதலோடு அமையாது, மறுதலை முடிபிற்கும் இசைவதோ என்றும் வினவுதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.