சண்டை நடக்காத ஊரில் போர்க்காலம் (1939 - 1945)

இரண்டாம் உலகப் போர் என்றால் நமக்கு ஞாபகம் வருவது ஹிட்லர், ஹிரோஷிமா, அப்புறம் சில ஹாலிவுட் படங்கள். பரீட்சைக்கும் காரணங்கள், போக்கு, விளைவுகள் என்று மூன்று தலைப்பில் படித்து முடித்துவிடுகிறோம். சண்டையே நடக்காத ஊரில் இருந்த சாதாரண ஜனங்கள் அந்த ஆறு வருஷத்தை எப்படி ஓட்டினார்கள் என்பது எந்தக் கேள்வித்தாளிலும் வராது. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. முக்கியமாகச் சென்னையைப் பற்றி; கடைசியில் நம்ம நெய்வேலியும் வரும்.

சென்னைக்குப் போர் பயம் புதிதல்ல. முதல் உலகப் போரின்போது 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து துறைமுகத்தில் இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டு மறைந்துபோனது. கெட்டிக்காரத்தனமாகக் காரியம் சாதிப்பவனை "சரியான எம்டன்" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது அந்த ஒரு ராத்திரி கொடுத்த வார்த்தை.

ஆனால் 1942-இல் வந்த பயம் வேறு மாதிரி. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன் போனது. பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்கள், துறைமுகத்திலும் வயலிலும் உழைத்த கூலிகள் என்று லட்சக்கணக்கான இந்தியர்கள் ஊர் திரும்பக் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் வழியிலேயே செத்தவர்கள் பல்லாயிரம் பேர். பிழைத்து வந்தவர்கள் சொன்ன கதைகள்தான் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த முதல் போர்ச் செய்தி என்று சொல்லலாம். தந்தியை விட அது வேகமாகப் பரவியிருக்கும்!

ஏப்ரல் 5 அன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9-ஆம் தேதி திருகோணமலை. அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்போது கவர்னர் சர் ஆர்தர் ஹோப். அவசர வேலை இல்லாதவர்கள் நகரத்தை விட்டுப் போகலாம் என்று அரசாங்கம் சொன்னது. சொன்னதோடு நிற்காமல் தன் அலுவலகங்களையும் மூட்டை கட்டி உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பியது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடுமே என்று மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம், புலி போன்றவற்றைப் போலீஸை விட்டே சுட்டுக் கொன்றார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சென்னை இப்படிக் காலியாகிக்கொண்டிருந்தபோது ஜப்பான் கப்பற்படை திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனதோடு சரி.

இங்கே ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். "சென்னை காலியானது" என்று சுலபமாக எழுதிவிடுகிறோம். யார் போனார்கள்? கிராமத்தில் வீடும் நிலமும், வாங்கி வைத்துக்கொள்ள உறவும் இருந்தவர்கள் போனார்கள். ஒரு நாள் கூலி போனால் அடுத்த நாள் அடுப்பு எரியாது என்ற நிலையில் இருந்த துறைமுகத் தொழிலாளி எங்கே போவான்? குப்பை அள்ளுபவர் போய்விட்டால் நகரம் என்ன ஆகும்? "அவசியமில்லாதவர்கள் போகலாம்" என்ற உத்தரவுக்கு உண்மையான அர்த்தம், வசதி உள்ளவர்கள் போகலாம் என்பதுதான்.

குண்டு வரவில்லை. ஆனால் பற்றாக்குறை வந்தது. பர்மா அரிசியை நம்பியிருந்த மாகாணம் இது. பர்மா போனதும் அரிசி விலை ஏறியது, பதுக்கலும் கள்ளச்சந்தையும் ஆரம்பித்தன. 1943-இல் வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தபிறகுதான் நிலைமை எவ்வளவு மோசம் என்று ஆட்சியாளர்களுக்கு உறைத்தது. அந்த வருஷமே சென்னையில் ரேஷன் வந்தது. வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணி, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். அரிசி போதாததற்குக் கோதுமை கொடுத்தார்கள். அதை என்ன செய்வது என்றே பல வீடுகளில் தெரியாது. பெங்களூர் எம்.டி.ஆர். உணவகத்தார், போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில்தான் ரவா இட்லியைக் கண்டுபிடித்தோம் என்று சொல்வார்கள்.

மற்ற மாற்றங்களையும் பாருங்கள். வெள்ளி ரூபாயில் இருந்த வெள்ளியை 1940-இல் பாதியாகக் குறைத்தார்கள். செம்பை மிச்சம் பிடிக்க 1943 முதல் நடுவில் துளை போட்ட காசு அடித்தார்கள். தாத்தாக்கள் சொல்லும் "ஓட்டைக் காலணா" அதுதான். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிவாயுவில் ஓடின. பின்னால் கட்டியிருந்த உலையில் அடுப்புக்கரியை எரித்து, அதில் வரும் வாயுவில் எஞ்சினை ஓட்டுவார்கள். ஃபிலிம் தட்டுப்பாட்டால் சினிமாப் படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் வந்தது. பாட்டுகள் குறைந்தன, கதை கொஞ்சம் வேகமாக நகர ஆரம்பித்தது. சென்னையில் ஸ்டுடியோவுக்கு மின்சாரம் கிடைக்காமல் ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடிக்குப் போய் ஸ்டுடியோ போட்டார். "நாம் இருவர்" (1947) அங்கே எடுத்த படம்.

மின்சாரம் என்றதும் நெய்வேலி ஞாபகம் வருகிறதா? தென்னிந்தியாவுக்கு நிலக்கரி வங்காளம், பீகார் பக்கமிருந்துதான் வர வேண்டும். போர்க்காலத்தில் கடல் வழியில் ஆபத்து, ரயில்களிலோ ராணுவச் சரக்கு. நம் பக்கத்தில் 1930-களிலேயே ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது. அது என்ன, எவ்வளவு இருக்கிறது என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளை போட்டுப் பார்த்தது 1943 முதல் 1946 வரை. அதாவது, ரேஷன் வந்த அதே வருஷங்களில். கழகம் 1956-இல் பிறந்தது, 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது, மறுவருஷம் மின்சாரம். நெய்வேலி சுதந்திர இந்தியாவின் குழந்தைதான். ஆனால் கரிக்கு வடக்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்ற பாடம் போர்க்காலத்தில் படித்தது.

போர் 1945-இல் முடிந்தது, ரேஷன் உடனே முடியவில்லை. 1952-இல் முதலமைச்சரான ராஜாஜி கட்டுப்பாட்டை எடுத்தார். ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் 1960-களில் மறுபடி அரிசித் தட்டுப்பாடு வந்தபோது, "ரூபாய்க்கு மூன்று படி அரிசி" என்பது 1967 தேர்தலின் பெரிய முழக்கமானது. அரிசிக்கு அரசாங்கம்தான் பொறுப்பு என்ற எண்ணம் அதற்குள் மக்கள் மனதில் உட்கார்ந்துவிட்டது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான். 1942 ஏப்ரலில் ஜனங்களுக்கு முன்னால் மூட்டை கட்டிய அதே அரசாங்கம், அடுத்த வருஷம் கையில் கார்டோடு ஒவ்வொரு வீட்டு அடுப்பங்கரைக்கும் வர வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் அதைக் கருணையால் செய்யவில்லை, நகரத்தில் கலவரம் வரக்கூடாது, போர் வேலை நிற்கக்கூடாது என்பதற்காகச் செய்தான். அவன் போனபின்பு ஜனங்கள் அதையே தங்கள் உரிமையாகக் கேட்டு வாங்கினார்கள். ஊரை விட்டுப் போக வழியில்லாமல் அன்றைக்குச் சென்னையிலேயே தங்கிவிட்டவர்களுக்குத்தான் அந்த அரிசி எல்லோரையும் விட அதிகம் தேவைப்பட்டது.

உங்கள் வீட்டில் தொண்ணூறு தாண்டிய பெரியவர்கள் யாராவது இருந்தால், "ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயம்" என்று ஆரம்பித்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். மீதியை அவர்களே சொல்வார்கள். அதைக் கேட்டு எழுதி வைக்க நமக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது.