கூரை ஒழுகாத ஆண்டுகள்: நியூயார்க் வட்டாரத்தின் ஐந்து 'ஒண்டர்' திரையரங்குகளும் மீட்பின் வரலாறும்

மூடிக் கிடந்த பழைய திரையரங்கு ஒன்று மீண்டும் திறக்கப்படும்போது வரும் செய்திகளில் திறப்பு விழா இருக்கும், செலவுத் தொகை இருக்கும், சிறுவயதில் அங்கே படம் பார்த்த அரசியல்வாதி ஒருவரின் நினைவுகளும் தவறாமல் இருக்கும். மூடியதற்கும் திறந்ததற்கும் நடுவே கட்டடம் யார் கையில் இருந்தது, மழைக்காலத்தில் கூரையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது பெரும்பாலும் ஒற்றை வரியில் முடிந்துவிடும். மீட்க முடியுமா, எவ்வளவு செலவாகும், மீட்டபின் அது யாருக்கான இடமாக இருக்கும் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த ஒற்றை வரிக்குள்தான் ஒளிந்திருக்கிறது. ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே ஆண்டில், ஒரே பெருநகர வட்டாரத்தில் கட்டிய ஐந்து அரங்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

லோஸ் நிறுவனம் எம்.ஜி.எம். படநிறுவனத்தையும் நாடெங்கும் திரையரங்குகளையும் ஒருசேர வைத்திருந்தது. டைம்ஸ் சதுக்கத்துப் பெரிய அரங்குகளுக்கு ஈடான ஆடம்பரத்தை மக்கள் குடியிருக்கும் பகுதிகளுக்கே கொண்டுபோவது அதன் திட்டம். 1929 ஜனவரியில் குவீன்ஸின் ஜமைக்கா பகுதியில் வலென்சியா திறந்தது. செப்டம்பர் 7 அன்று பிராங்க்ஸில் பாரடைஸும் புரூக்ளினின் ஃபிளாட்புஷ் அவென்யூவில் கிங்ஸும் ஒரே நாளில் திறந்தன. செப்டம்பர் 28 அன்று ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில், நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில், ஜர்னல் சதுக்கத்து ஜெர்சி அரங்கு. 1930 பிப்ரவரியில் மன்ஹாட்டனின் வடக்கே 175-ஆம் தெரு அரங்கு. ஐந்திலும் ராபர்ட் மார்ட்டன் கம்பெனியின் ஒரே வகைப் பெரிய குழாய் ஆர்கன் பொருத்தப்பட்டது. 'ஒண்டர் மார்ட்டன்' என்ற அந்த ஆர்கனின் பெயரே அரங்குகளுக்கும் ஒட்டிக்கொண்டு, 'ஒண்டர் தியேட்டர்கள்' என்ற பெயர் வந்தது. ஒவ்வொன்றிலும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட இருக்கைகள். பேசும்படம் வந்து ஊமைப்படத்தின் கதை முடிந்துகொண்டிருந்த வேளையில், ஊமைப்படத்துக்கு வாசிக்கும் ஆர்கனை இத்தனை செலவில் வாங்கியிருக்கிறார்கள். செப்டம்பரில் திறந்த மூன்று அரங்குகளும் பங்குச்சந்தைச் சரிவுக்கு முன் சில வாரங்களே ஓடியிருந்தன.

வலென்சியாவையும் பாரடைஸையும் வடிவமைத்தவர் ஜான் எபர்சன். விதானத்தை அடர்நீல இரவு வானமாக்கி, சிறு பல்புகளால் நட்சத்திரம் பதித்து, மேகம் நகர்வது போன்ற ஒளியையும் வீசவைப்பது அவருடைய பாணி; படம் பார்ப்பவர் ஏதோ தெற்கு ஐரோப்பிய முற்றத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வார். கிங்ஸும் ஜெர்சியும் சிகாகோவின் ராப் அண்ட் ராப் நிறுவனத்தின் கைவேலை. 175-ஆம் தெரு அரங்கு தாமஸ் லேம் வடிவமைத்தது. பளிங்கு என்றும் செதுக்கிய மரம் என்றும் தோன்றும் அலங்காரத்தில் பெரும்பகுதி உண்மையில் சுதைவேலை. நாரும் ஜிப்சம் சாந்தும் சேர்த்து அச்சில் வார்த்த துண்டுகளைக் கம்பிகளால் மேலிருக்கும் எஃகுச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கட்டியது சீக்கிரம், கெடுவதும் சீக்கிரம். கூரையில் ஓர் ஓட்டை விழுந்தால் தண்ணீர் முதலில் கம்பியைத் துருவேற்றும், பிறகு சாந்தைக் கரைக்கும், அப்புறம் ஒருநாள் விதானத்தின் ஒரு பாகம் இருக்கைகள் மேல் வந்து விழும். இந்தக் கட்டுமான நுட்பத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி வரலாறு எளிதில் புரியும்.

வீழ்ச்சியின் காரணங்கள் பலமுறை எழுதப்பட்டவை. 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் அளித்த தீர்ப்பு, படம் எடுப்பவர்களே அரங்குகளையும் வைத்திருக்கும் ஏற்பாட்டை உடைத்தது, லோஸும் எம்.ஜி.எம்.மும் 1959-இல் முழுவதுமாகப் பிரிந்தன. தொலைக்காட்சி வந்தது. வெள்ளையர் நடுத்தரக் குடும்பங்கள் புறநகருக்குப் போயின. அவர்கள் விட்டுச்சென்ற பகுதிகளில் கறுப்பினத்தவரும் கரீபிய, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களும் குடியேறினார்கள். வங்கிக் கடனும் முதலீடும் அந்தப் பகுதிகளுக்கு வருவது நின்றது. கடைசியாகச் சொன்ன இதுதான் மற்றவற்றைவிட முக்கியம் என்பது என் கணிப்பு. ஃபிளாட்புஷ்ஷில் படம் பார்க்க ஆளில்லை என்று சொல்ல முடியாது. ஃபிளாட்புஷ்ஷில் பணம் போட ஆளில்லை. 1970-களில் உரிமையாளர்கள் கண்டுபிடித்த மருந்து, ஒரே கூடத்தில் குறுக்குச்சுவர் எழுப்பி இரண்டு மூன்று படம் ஓட்டுவது. பாரடைஸ் 1973-இல் இரண்டாகி, பின்னர் மூன்றாகி, 1981-இல் நான்கானது. ஜெர்சி 1974-இல் மூன்றானது. கிங்ஸ் மட்டும் கடைசிவரை ஒற்றைக் கூடமாகவே இருந்தது.

175-ஆம் தெரு அரங்கு 1969-இல் மூடியது. அதே ஆண்டில் அதை வாங்கியவர் 'ரெவரெண்ட் ஐக்' என்ற பெயரில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் புகழ்பெற்ற போதகர் ஃபிரெடெரிக் ஐக்கரன்கோட்டர். வறுமை ஒரு புண்ணியமல்ல, செல்வமே இறையருள் என்று பிரசங்கித்தவருக்கு, தங்கம் பூசிய லேமின் கூடம் தைத்துவைத்த சட்டைபோலப் பொருந்தியது. கட்டடம் பின்னர் யுனைடெட் பாலஸ் என்ற பெயரைப் பெற்றது. வலென்சியா 1977-இல் டேபர்நாக்கிள் ஆஃப் பிரேயர் என்ற தேவாலயத்தின் கைக்குப் போனது. இரண்டிலும் ஒவ்வொரு ஞாயிறும் கதவு திறந்தது, விளக்கு எரிந்தது, குளிர்காலத்தில் வெப்பமூட்டி ஓடியது, ஒழுகல் தெரிந்த உடனே யாரோ கூரை ஏறினார்கள். ஐந்து அரங்குகளில் ஆர்கன் பிறந்த இடத்திலேயே இன்றும் நிற்பது யுனைடெட் பாலஸில் மட்டும்தான். ஜெர்சியின் ஆர்கன் 1974-இல் கழற்றப்பட்டுக் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவுக்குப் போனது. வலென்சியாவின் ஆர்கன் சான் டியேகோவின் பால்போவா அரங்கில் இருக்கிறது.

இங்கே சட்டம் ஒரு விசித்திரம் செய்கிறது. பென்சில்வேனியா ரயில் நிலையம் இடிக்கப்பட்ட அதிர்ச்சியில் நியூயார்க் 1965-இல் பாரம்பரியச் சின்னச் சட்டம் கொண்டுவந்தது. 1973-இல் பொதுமக்கள் வந்துபோகும் கட்டட உட்புறங்களுக்கும் அதை நீட்டித்தார்கள். ஆனால் வழிபாட்டுக்குப் பயன்படும் உட்புறங்களுக்கு விலக்கு. அரங்கின் பெருமை முழுவதும் உள்ளே இருக்க, உள்ளே நன்றாகக் காப்பாற்றிய இரு சபைகளின் கூடங்களைச் சட்டம் தொட முடியாது; வெளிமுகத்துக்கு மட்டுமே பாதுகாப்பு. நாளை ஒரு சபைக்கு நட்சத்திர விதானம் வேண்டாமென்று தோன்றினால் தடுக்க வழியில்லை. எனவே தேவாலயமே சிறந்த காவலர் என்று முடிவுகட்ட எனக்குத் தயக்கம் உண்டு. காவல் நன்றாக நடந்தது. அதற்கு உத்தரவாதம் எதுவும் எழுதப்படவில்லை, அவ்வளவே.

ஜெர்சி அரங்கு 1986 ஆகஸ்டில் மூடியது. கடைசியாக ஓடியது 'ஃபிரைடே தி தர்ட்டீன்த்' வரிசையின் ஆறாம் படம். வாங்கிய நிலநிறுவனம் இடித்துவிட்டு அலுவலகக் கட்டடம் எழுப்ப நினைத்தது. ஜர்னல் சதுக்கத்தில் ரயில் நிலையம் எதிரிலேயே இருக்கிறது. மன்ஹாட்டனுக்குச் சில நிமிடப் பயணம். மனையின் விலைக்கு முன் மூன்றாயிரம் நாற்காலிக்கு என்ன மதிப்பு? உள்ளூர்க்காரர்கள் கையெழுத்து திரட்டினார்கள். திட்டக்குழுக் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் போய் உட்கார்ந்தார்கள். பேசுவதற்கு வாய்ப்பு வரும்வரை காத்திருந்தார்கள். 1993-இல் நகரமன்றம் கட்டடத்தை 3,25,000 டாலருக்கு வாங்க வாக்களித்தது. வாங்க மட்டுமே. பழுதுபார்க்கப் பெரும்பணம் ஒதுக்கவில்லை.

அதன்பின் நடந்தது தமிழில் நாம் 'உடலுழைப்புத் தொண்டு' என்று சொல்லும் வகை. 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் த லோஸ்' என்ற லாபநோக்கமற்ற அமைப்பின் கீழ், வாரநாட்களில் வேறு வேலை பார்த்தவர்கள் வார இறுதிகளில் வந்தார்கள். கூடத்தை மூன்றாகப் பிரித்திருந்த சுவர்களை அடித்து இறக்கினார்கள். வெப்பமூட்டும் குழாய்களுக்கும் மின்கம்பிகளுக்கும் உயிர்கொடுத்தார்கள், இருக்கைகளைச் சரிசெய்தார்கள், பல ஆண்டுப் புழுதியைச் சுமந்து வெளியே கொட்டினார்கள். முகப்புக் கோபுரத்துக் கடிகாரத்தின் மேல் புனித ஜார்ஜ் குதிரையிலிருந்து வேதாளநாகத்தைக் குத்தும் பொறிச்சிலை ஒன்று உண்டு. அதுவும் மீண்டும் தன் இடத்துக்கு வந்தது. 2001-இல் அரங்கில் மறுபடி படம் ஓடத் தொடங்கியது. புதுப்படத்துக்குப் போட்டியிட வழியில்லாததால் பழைய படங்களை 35 மி.மீ. பிலிம் சுருளில், மாதத்தில் ஒரு வார இறுதி என்ற கணக்கில், காட்டினார்கள். ஆர்கன் ரசிகர் சங்கம் ஒன்று, பாரடைஸிலிருந்து முன்பே கழற்றப்பட்டிருந்த ஒண்டர் மார்ட்டனைத் தேடிப்பிடித்து, ஆண்டுக்கணக்கில் செப்பனிட்டு இங்கே பொருத்தியது. பிராங்க்ஸின் ஆர்கன் ஜெர்சியில் ஒலிக்கிறது. ஜெர்சியின் ஆர்கன் பசிபிக் கரையில் ஒலிக்கிறது.

தொண்டர்களின் பிடிவாதத்துக்கு ஓர் எல்லை இருந்தது. குளிரூட்டும் வசதி, முழுமையான தீப்பாதுகாப்பு, மேடைக்கான நவீன இயந்திரங்கள் ஆகியவை சுத்தியலும் நல்லெண்ணமும் கொண்டு செய்யக்கூடியவை அல்ல. 2010-களில் மாநகராட்சி பெரிய நிகழ்ச்சி நிறுவனம் ஒன்றிடம் அரங்கை ஒப்படைக்க விரும்பியது; தொண்டர் அமைப்பு தன் குத்தகை உரிமையைச் சொல்லி எதிர்த்தது; விவகாரம் நீதிமன்றம் போனது. இதைக் கிழட்டுப் பிடிவாதம் என்று பேசியவர்கள் உண்டு. ஆனால் அமைப்பின் கேள்வி எளிமையானது: இசைக்கச்சேரிக்கு மட்டுமான அரங்காகிவிட்டால், பத்து டாலருக்கும் குறைவாகக் கொடுத்துப் படம் பார்க்கும் பக்கத்துத் தெருக்காரர் எங்கே போவார்? 2021-இல் உடன்பாடு வந்தது. நியூ ஜெர்சி டெவில்ஸ் ஐஸ் ஹாக்கி அணியோடு தொடர்புடைய நிறுவனம் அரங்கை நடத்தும், 7.2 கோடி டாலர் மதிப்பீட்டில் புதுப்பிப்பு. திரைப்படத்தையும் உள்ளூர்க் கலைநிகழ்ச்சிகளையும் தொண்டர் அமைப்பு பார்த்துக்கொள்ளும். மதிப்பீடு பின்னர் கூடியது, திறப்புத் தேதியும் தள்ளிப்போனது.

கிங்ஸ் இதற்கு நேரெதிரான பாதையில் வந்தது. 1977 ஆகஸ்டில் மூடியது. வரிபாக்கிக்காக 1979-இல் நியூயார்க் மாநகராட்சி எடுத்துக்கொண்டது. வரிபாக்கியில் வந்த சொத்து மாநகராட்சிக்கு ஒரு கோப்பு எண். திட்டங்கள் வந்தன, போயின. கூரை ஒழுகியது. விளக்குகளும் பித்தளைப் பொருத்துகளும் திருடுபோயின. அருகில் புதிதாகக் குடியேறிய கரீபியக் குடும்பங்களின் பிள்ளைகள், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே அந்தப் பூட்டிய முகப்பைத் தாண்டிப் பள்ளிக்குப் போய் வளர்ந்து பெரியவர்களானார்கள். ஒரே ஆறுதல், குறுக்குச்சுவர் எழுப்பாததால் கூடத்தின் வடிவம் சிதையவில்லை. புரூக்ளின் பகுதித் தலைவராக இருந்த மார்ட்டி மார்க்கோவிட்ஸ் சிறுவயதில் அங்கே படம் பார்த்தவர், விடாமல் துரத்தினார். 2010-இல் ஹூஸ்டனைச் சேர்ந்த ஏஸ் தியேட்ரிக்கல் நிறுவனத்தோடு உடன்பாடு அறிவிக்கப்பட்டது. 2012-இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் கிங்ஸ் சேர்ந்தது. வெறும் கௌரவமாகத் தெரியும் இந்தப் பதிவே கணக்கில் பெரிய ஆதாயம்: பதிவான கட்டடத்தைப் புதுப்பித்தால் தகுதியான செலவில் 20 சதவீதத்தை மத்திய வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். வரி கட்டவேண்டிய முதலீட்டாளர்கள் அந்தக் கழிவை வாங்கிக்கொள்வார்கள். அரங்குக்குக் கைப்பணம் கிடைக்கும். மாநகராட்சிப் பணமும் இப்படித் திரட்டிய பணமும் சேர்ந்து 9.5 கோடி டாலர்.

புதுப்பித்தவர்கள் செய்ததைப் பார்த்தால் ஒழுகிய கூரையின் விலை தெரியும். விழாமல் எஞ்சிய சுதைத்துண்டைத் தேடி, அதன்மேல் அச்செடுத்து, விழுந்த துண்டுகளை மறுபடி வார்த்தார்கள். கிடைத்த மிச்சத்திலிருந்து கம்பளத்தின் பூவேலையை மீண்டும் நெய்தார்கள். கடைசிக் காலத்தில் அரங்கின் மேலாளராக இருந்த பெண்மணி சில பழைய நாற்காலிகளையும் விளக்குகளையும் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். ஒரு பெரிய மாநகராட்சியின் பூட்டைவிட ஒரு தனிவீடு நல்ல பெட்டகமாக இருந்திருக்கிறது. 2015 ஜனவரி 23 அன்று திறப்பு விழா. பிப்ரவரி 3 அன்று டயானா ராஸின் கச்சேரி. வாசலில் வைத்த விளம்பரங்கள் பெரும்பாலும் கச்சேரிக்கானவை. 'லோஸ்' பெயர் போய்விட்டது, படக்காட்சி எப்போதாவது வரும் விருந்தாளியாகிவிட்டது.

ஜெர்சியில் தொண்டர்கள் கூரையைக் காத்தார்கள்; காத்தவர்களுக்குப் பேச்சுவார்த்தையில் இடம் கிடைத்தது; அதனால் ஒப்பந்தத்தில் சினிமாவுக்கும் இடம் கிடைத்தது. கிங்ஸில் நடு ஆண்டுகளுக்கு உரிமை கொண்டாட யாருமில்லை. பெரும்பணம் வந்தபோது பெரும்பணத்தின் கணக்கே பேசியது. 9.5 கோடி டாலரைத் திருப்பியெடுக்க வேண்டிய கூடத்தில் பத்து டாலர் சினிமா ஓட்ட முடியாது. இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, ஆனாலும் மீட்கப்பட்டது கட்டடம். வட்டாரத் திரையரங்கு என்ற வழக்கம் மீட்கப்படவில்லை.

பணமும் உழைப்பும் இருந்தாலே போதும் என்ற எண்ணத்துக்குப் பாரடைஸ் ஒரு தடை. 1994-இல் மூடியது, 1997-இல் வெளிமுகம் பாரம்பரியச் சின்னமானது, தனியார் முயற்சியில் நான்கு துண்டான கூடம் ஒன்றாக்கப்பட்டு 2005-இல் நிகழ்ச்சி அரங்காகத் திறந்தது, 2006-இல் உட்புறமும் சட்டப் பாதுகாப்புக்குள் வந்தது. சில ஆண்டுகள் ஓடி, நடத்துநர் மாறி, 2012-இல் தேவாலயம் ஒன்றுக்குக் குத்தகைக்குப் போனது. வழிபாட்டிடமாவதற்கு முன்பே சின்னமாகிவிட்டதால், தேவாலயத்தின் கைக்குப் போன மூன்று அரங்குகளில் உட்புறப் பாதுகாப்பு இருப்பது பாரடைஸுக்கு மட்டும்.

யுனைடெட் பாலஸிலோ 44 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2013-இல் படம் திரும்பியது. திரையும் டிஜிட்டல் புரொஜெக்டரும் வாங்க அந்தப் பகுதிக்காரர்கள் இணையவழியில் சிறுசிறு தொகையாகப் பணம் திரட்டினார்கள். வடக்கு மன்ஹாட்டனில் வளர்ந்த நாடகாசிரியர் லின்-மேனுவல் மிராண்டா அதற்குத் துணைநின்றார். 2021 ஜூனில் அவருடைய 'இன் த ஹைட்ஸ்' படம், அது பேசும் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியிலேயே இருக்கும் இந்தக் கூடத்தில் திரையிடப்பட்டது. இதற்குக் கோடிகள் தேவைப்படவில்லை. திரை கட்ட ஒரு மேடையும் கீழே விழாத விதானமும் ஏற்கெனவே அங்கே இருந்தன.