தொடுவுணர்விலிருந்து காட்சிக்கு: கருச்சிதைவுக்கான அறுவை சிகிச்சையில் மீயொலி

கருச்சிதைவுக்குப்பின் கருப்பையில் எஞ்சும் திசுவை அகற்றப் பயன்பட்ட சுரண்டுகருவியை 1840களில் பிரெஞ்சு மருத்துவர் ரெக்காமியே அறிமுகப்படுத்தினார். கருவிமுனை இருக்குமிடத்தை மருத்துவர்கள் நெடுங்காலம் கையுணர்வால் மட்டுமே கணித்தனர். இதனால் கருப்பைச் சுவர் துளைபடும் இடர் இருந்தது. மிகையாகச் சுரண்டினால் உட்சுவர்கள் ஒட்டிக்கொள்ளவும் கூடும். இந்நிலையை 1948இல் ஜோசப் ஆஷர்மன் விரிவாக விளக்கினார்.

1958இல் இரு மாற்றங்கள் தனித்தனியே நிகழ்ந்தன. சீன மருத்துவர்கள் வெளியிட்ட வெற்றிட உறிஞ்சல் முறை, கூர்மையான சுரண்டலுக்கு மாற்றாயிற்று. கிளாஸ்கோவில் இயன் டொனால்டு குழுவினர் தம் மீயொலி ஆய்வை 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். உலோகக் குறைகளைக் கண்டறியும் தொழிற்சாலைக் கருவியே அவர்களது ஆய்வின் தொடக்கம். ஆயினும் அன்றைய நிலைப்படங்களால் அசையும் கருவியைப் பின்தொடர இயலவில்லை. 1960களின் நடுவில் தோன்றிய நிகழ்நேரப் படக்கருவிகளே அதற்கு வழிவகுத்தன.

எனவே, இவ்வரலாற்றின் திருப்புமுனை மீயொலியின் வருகை மட்டுமன்று. சிகிச்சை நடைபெறும்போதே முனையையும் எஞ்சிய திசுவையும் காண முடிந்ததே ஆகும். சுரண்டலை எப்போது நிறுத்துவது என்பதை அக்காட்சி உணர்த்தியது. மீண்டும் கருவுற விரும்பும் பெண்ணுக்கு அதுவே முதன்மையான பாதுகாப்பு.