காலணி தைத்தவர் கண்ட மெய்யியல்

பல்கலைக்கழக வாயிலை மிதித்தறியாத ஒருவரிடமிருந்தே ஜெர்மானிய மெய்யியல் தனக்கேயுரிய முகத்தோடு தோன்றியது என்று ஹெகல் மதிப்பிட்டார். அவ்வொருவர் யாக்கோப் பேமே (1575–1624). காலணி தைத்துப் பிழைத்தவர்.

கேர்லிட்ஸ் நகருக்கு அண்மையில் உழவர் குடியில் பிறந்த பேமே, சிற்றூர்ப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றதோடு தொழில் பழகச் சென்றார். 1599இல் அந்நகரில் கடை வைத்தார். ஓயாத வினாவொன்று அவரை வாட்டியது: இறைவன் படைத்த உலகில் தீமை எங்ஙனம் புகுந்தது? நல்லோர் நலியத் தீயோர் செழிப்பது ஏன்? 1600ஆம் ஆண்டில் ஒருநாள், ஈயக் கலமொன்றில் பட்டுத் தெறித்த ஒளியைக் கண்டதும் அவருக்குள் விடை புலர்ந்தது என்பர்.

பன்னிரண்டு ஆண்டுகள் அதை நெஞ்சில் அடைகாத்தபின், 1612இல் ‘வைகறை’ எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலைத் தம் நினைவுக்கென எழுதலானார். நூல் முற்றுப்பெறவில்லை. நண்பரான எண்டர் என்னும் பிரபு அதனைப் படியெடுக்கச் செய்ய, படிகள் பல கைகளுக்குச் சென்றன. ஊர்த் தலைமைப் போதகர் கிரகோர் ரிக்டர் அதனை மேடையிலேயே கண்டித்தார். 1613இல் நகர மன்றம் கையெழுத்துப் படியைப் பறித்துக்கொண்டு, இனி எழுதலாகாது என்று ஆணையிட்டது.

பேமே பணிந்தார், ஐந்தாண்டுகளுக்கு மேல் எழுதுகோலைத் தொடவில்லை. ஆனால் நண்பர்கள் விடவில்லை. அவர்கள் தூண்ட, 1619 முதல் நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன. இருளின்றேல் ஒளி வெளிப்படாது. ‘இல்லை’ என்பதன்றி ‘ஆம்’ என்பது தன்னை உணராது. முரணே அனைத்தின் வெளிப்பாட்டுக்கும் வாயில் என்பது அவர் கண்ட விடை. அனைத்துக்கும் முன்னிருந்த ஆழத்தை ‘உன்குருண்ட்’, அதாவது ‘அடியற்றது’ என்றார். இலத்தீன் கல்லாமை குறையென்று பிறர் எண்ணினர். அக்குறையே அவரைத் தாய்மொழியில் சிந்திக்க வைத்தது. அவர் நடை கடினமானது. இரசவாதச் சொற்கள் மண்டிக் கிடப்பது. அதனை மறைப்பதற்கில்லை.

1624இல் நண்பர்கள் ஒரு நூலை அச்சேற்றினர். அவர் வாழ்நாளில் அச்சுக் கண்டது அஃதொன்றே. காலணிக் கடை நாற்றம் வீசும் எழுத்து என ரிக்டர் மீண்டும் இழித்தார். அவ்வாண்டு நவம்பர் 17இல் பேமே மறைந்தார். சிதறிக் கிடந்த கையெழுத்துப் படிகளை வான் பேயர்லாண்டு என்னும் டச்சு வணிகர் தேடிச் சேர்த்தார். 1682இல் ஆம்ஸ்டர்டாமில் கிக்டல் என்பாரின் முயற்சியால் தொகுப்பு வெளிவந்தது.

மன்றத்தின் ஆணை ஒரு மனிதரை வாய்மூட வைத்தது. படியெடுத்த கைகளை அதனால் கட்ட முடியவில்லை. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தார் எண்ணிப் பார்க்கத்தக்கது இது. எழுதுவோர் ஒருவராயினும், எழுத்தைக் காப்போர் பலர்.