ஒரு மணி அடித்தால் நிறுத்தவா, தூக்கவா?

கோலார் தங்கவயல் என்றால் இப்போது எல்லோருக்கும் சினிமாதான் ஞாபகம் வருகிறது. ராபர்ட்சன்பேட்டைக்காரனான எனக்கு ஞாபகம் வருவது வைண்டிங் இன்ஜின். கேஜில் ஆட்களையும் கல்லையும் ஏற்றி இறக்கும் ராட்சத உருளை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். இன்ஜின் ஓட்டுபவர் தன் கட்டடத்தில் உட்கார்ந்திருப்பார், கேஜ் அவர் கண்ணுக்கே தெரியாது. கீழேயிருந்து வரும் மணிச்சத்தம்தான் அவருக்குக் கட்டளை.

பிரிட்டிஷ் வழக்கத்தில் வந்த அந்த மணிக்கணக்கு ரொம்பச் சிக்கனம். இரண்டு அடித்தால் இறக்கு. ஒன்று அடித்தால்? கேஜ் நின்றுகொண்டிருந்தால் தூக்கு, ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்து. ஒரே சத்தம், இரண்டு அர்த்தம். அதனால்தான் ஆள் ஏறும்போது அதைச் சொல்ல முன்கூட்டியே தனி மணி வைத்தார்கள்.

சுரங்கத்தை 2001ல் மூடிவிட்டார்கள். நான் பொட்டி தட்டிப் பிழைக்க வந்த இந்தக் குளிர் தேசத்தில், அதே சிக்கல் வேறு உருவத்தில் வந்து நிற்கிறது. ஏறக்குறைய ஐம்பது வருஷமாக நிற்கிறது.

கணினி வேலையில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். யூனிக்ஸ், லினக்ஸ் கறுப்புத் திரையில் 'ஆர்எம்' என்று அடித்து, பக்கத்தில் ஒரு கோப்பின் பெயரைத் தட்டினால் அந்தக் கோப்பு அழிந்துவிடும். நடுவில் '-ஆர்' என்று சேர்த்தால் ஒரு அடைவையும் அதற்குள் இருக்கிற அத்தனையையும் சேர்த்து அழிக்கும். முன்னால் இருக்கிற அந்தச் சின்னக் கோடுதான் 'இது பெயர் இல்லை, உத்தரவு' என்று சொல்கிறது. கெர்னல் என்கிற அடிப்படை மென்பொருள் இதில் தலையிடுவதே இல்லை. சொற்களின் ஒரு பட்டியலை நிரலின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எது பெயர், எது உத்தரவு என்று பிரிப்பது நிரலின் பாடு.

1969ல் பெல் ஆய்வகத்தில் (அங்கேயும் மணிதான், பெயரில்!) கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். கோடு போடும் பழக்கம் அவர்கள் அதற்குமுன் வேலை பார்த்த மல்டிக்ஸிலேயே இருந்தது. ஆனால் ஆளாளுக்கு ஒரு வழி. 'டார்' கோடு இல்லாமலே கேட்டுக்கொள்ளும். 'டிடி'யோ ஐபிஎம் பெருங்கணினி பாணியில் சமக்குறி போட்டு எழுதச் சொல்லும். இந்தக் கூத்துக்கு ஒரு ஒழுங்கு வேண்டுமென்று ஏடி&டி-யில் எழுதப்பட்டதுதான் 'கெட்ஆப்ட்'. 1985ல் டாலஸில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் அதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். பின்னால் வந்த பாசிக்ஸ் தரமும் அதே வழியில் போனது. இரட்டைக்கோடு தனியாக வந்தால் உத்தரவுகள் முடிந்தன, இனிமேல் வருவதெல்லாம் பெயர்தான் என்று அர்த்தம். என்னைக் கேட்டால் அந்த விதிகளிலேயே உருப்படியானது இதுதான். பாவம், அதைத்தான் எல்லோரும் மறந்துபோகிறார்கள்.

மறந்தால் என்ன ஆகும்? யூனிக்ஸில் 'லாகின்' என்ற நிரலுக்கு '-எஃப்' என்று ஒரு உத்தரவு உண்டு. 'இந்த ஆளை ஏற்கெனவே சோதித்தாகிவிட்டது, கடவுச்சொல் கேட்காதே' என்று அர்த்தம். 1994ல் ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. தூரத்திலிருந்து நுழைகிறவர் தன் பெயர் '-எஃப்ரூட்' என்று சொன்னால் போதும். வாசலில் இருந்த நிரல் அதைப் பெயர் என்று நம்பி அப்படியே லாகினிடம் கொடுத்தது. லாகின் அதை உத்தரவாகப் படித்தது. கடவுச்சொல்லே இல்லாமல் நிர்வாகியாக உள்ளே போய்விடலாம்!

சரி, அது பழைய காலம் என்பீர்கள். 2007 பிப்ரவரியில் சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 10ல், டெல்நெட் வழியாக, அச்சு அசலாக அதே கதை. நடுவில் 13 வருஷம். ஏஐஎக்ஸ் விவகாரத்தைத் தெரிந்த யாராவது அந்த வரியை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். நம் துறையில் பழைய விபத்துகளை யாரும் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது என் பல நாள் புலம்பல்.

இன்னொன்று இதைவிட விசித்திரம். லினக்ஸில் 'பிகேஎக்ஸெக்' என்று ஒரு நிரல். அனுமதி பெற்ற சாதாரணப் பயனர், நிர்வாகியின் அதிகாரத்தில் ஒரு வேலையைச் செய்ய உதவுவது. சொற்பட்டியலில் பூஜ்யமாவது இடத்தில் நிரலின் சொந்தப் பெயர் இருக்கும் என்பது வழக்கம். அதனால் அது ஒன்றாவது இடத்திலிருந்து படிக்கத் தொடங்கியது. யாராவது பட்டியலைக் காலியாகவே அனுப்பினால்? பட்டியலுக்கு அடுத்து நினைவகத்தில் இருப்பது சூழல் மாறிகள், அதாவது கூப்பிட்டவர் தன் இஷ்டத்துக்கு எழுதி அனுப்பிய சங்கதிகள். அதில் முதலாவதை எடுத்து, ஓட்ட வேண்டிய நிரலின் பெயர் என்று நினைத்துக்கொண்டது. அந்த இடத்தில் திருப்பி எழுதவும் செய்தது. அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் யாரும் நிர்வாகி ஆகிவிடலாம். 2009 மே மாதம் புகுந்த தவறு, குவாலிஸ் நிறுவனம் அதை வெளியே சொன்னது 2022 ஜனவரி 25 அன்று.

காலிப் பட்டியலைக் கெர்னலே மறுத்தால் என்ன என்று லினக்ஸில் 2008லேயே பேச்சு வந்தது. மைக்கேல் கெரிஸ்க் எழுப்பியும் ஒத்த கருத்து ஏற்படவில்லை. ஓபன்பிஎஸ்டிக்காரர்களோ கறாராக மறுத்துவந்தார்கள், பிழைத்தார்கள். லினக்ஸ் 5.18 பதிப்பிலிருந்து (2022 மே) பட்டியல் காலியாக வந்தால் கெர்னல் தானே ஒரு வெற்றுச் சொல்லைச் செருகிவிடுகிறது.

'-ஆர்' என்று பெயர் வைத்த கோப்பு மட்டும் இன்னும் அப்படியேதான். அது இருக்கிற அடைவில் 'ஆர்எம்' அடித்து நட்சத்திரக்குறி போட்டால், பெயர் உத்தரவாகி உள் அடைவுகளும் சேர்ந்து போய்விடும். உங்கள் வீட்டுப் பிள்ளை லினக்ஸ் பழகுகிறதென்றால், நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் போடச் சொல்லுங்கள். அப்புறம் எந்தப் பெயரும் கோட்டில் தொடங்காது.