தோணிரேவில் நட்ட மூங்கில்

மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டார்கள். ஆன்டெனாவைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் "அது யாருக்குப் புரியும்?" என்று சிரித்தார்கள். வகுப்பில் எனக்கும் புரியவில்லைதான். புரியவைத்தது என் தாய்மாமன் ஊரான தோணிரேவு. பழவேற்காடு ஏரிக்கரையில், பேரிலேயே தோணியைச் சுமந்து நிற்கும் ஊர்.

சென்னையின் வானொலிக் கதை பழையது. சி.வி. கிருஷ்ணசுவாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924 ஜூலை 31-ல் ஒலிபரப்பைத் தொடங்கியது. கையில் காசில்லாமல் 1927-ல் நின்றது. 1930-ல் மாநகராட்சி எடுத்து நடத்தியது. 1938 ஜூன் 16 முதல் அகில இந்திய வானொலி. பின்னாளில் டிரான்சிஸ்டர் வந்ததும், அந்தக் குரல் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்கும் போயிற்று.

மாமாவிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. ஒருமுறை ஐப்பசி மாத இரவில் மேகம் மூடி, நட்சத்திரமும் தெரியாமல், கரை விளக்கும் தெரியாமல் கட்டுமரத்தில் மாட்டிக்கொண்டார். பெட்டியைக் கையில் பிடித்து மெல்லத் திருப்பினாராம். "பாட்டு எங்க செத்துப் போவுதோ, அங்கதான்டா மெட்ராஸு" என்பார். அதற்கு நேர் எதிர்த்திசையிலும் பாட்டு சாகும். ஆனால் அலை வரும் போக்கை வைத்து எந்தப் பக்கம் கரை என்று அவருக்குத் தெரியும். விடியும் முன் வீடு சேர்ந்தார்.

இந்தக் கதையைக் கேட்டபோது நான் பள்ளி மாணவன். நம் கல்லூரிக்கு வந்தபிறகுதான் காரணம் தெரிந்தது. பெட்டிக்குள் இருப்பது கம்பி சுற்றிய ஃபெரைட் கட்டை. அதன் முனை நிலையத்தை நோக்கி நின்றால் ஒலி அடங்கும். பக்கவாட்டில் நின்றால் ஓங்கும். சென்னை 'ஏ' நிலையம் 720 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் 416 மீட்டர். அதில் கால் பங்கே 100 மீட்டருக்கு மேல். ஆகவே அனுப்புகிற இடத்தில் வானளாவிய கம்பம் வேண்டும். வாங்குகிற இடத்தில் விரல்நீளக் கட்டை எப்படிப் போதும்? அந்த அலைவரிசையில் வானத்து இரைச்சலே பெரிது. ஏரியலைப் பெரிதாக்கினால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும்.

தொலைக்காட்சி வேறு ஜாதி. சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. தோணிரேவில் டி.வி. வந்தது அதற்குச் சில வருடம் கழித்து, நான் இரண்டாம் ஆண்டு படிக்கையில். "இஞ்சினியரு வந்துட்டான்" என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நேர்க்கோட்டில் சென்னை சுமார் 40 கி.மீ. இந்த அலைகள் ஏறக்குறைய தொடுவானம் வரைதான் போகும். உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். அனுப்பும் கோபுரம் 100 மீட்டர் என்று வைத்தால் 41. நம் மூங்கில் 9 மீட்டர் என்றால் இன்னொரு 12. இரண்டையும் கூட்டினால் தாராளம்.

மூங்கில் உச்சியில் மீன்முள் மாதிரி யாகி ஆன்டெனா. ஜப்பானில் 1926-ல் ஷின்டாரோ உடா உழைத்து உருவாக்கியது. பெயர் மட்டும் அவருடைய பேராசிரியர் யாகிக்குப் போய்விட்டது. (இது எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான்.) 1942-ல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியர், ஆங்கிலேயரின் ரேடார் குறிப்பில் 'யாகி' என்ற சொல்லைக் கண்டு, அது என்னவென்று கைதியிடமே விசாரித்தார்களாம்!

எங்கள் யாகி பகலில் நன்றாக வேலை செய்தது. இரவில் படம் புள்ளி புள்ளியாகும். அளவு தப்பு என்று நினைத்து அலுமினியக் குழாய்களை மூன்று முறை வெட்டினேன். மாமாதான் கவனித்தார்: "மழ பேஞ்சா நல்லாத் தெரியுதுடா. பனி இறங்குனாதான் போவுது." இறங்கி வரும் தட்டை ஒயரை விரலால் தடவி நாக்கில் வைத்தார். உப்பு! கடற்காற்றின் உப்பைப் பனி நனைக்க, வந்த சக்தியெல்லாம் ஒயரிலேயே கரைந்துகொண்டிருந்தது. மழை அதைக் கழுவிவிட்டது. கோ-ஆக்ஸியல் கேபிள் போட்டு, 300 ஓமை 75 ஆக்கும் சின்ன டிரான்ஸ்பார்மரும் வைத்தபிறகு தொல்லை தீர்ந்தது. என் பாடப்புத்தகம் ஒயரின் இழப்பைச் சொல்லியிருந்தது, உப்பைச் சொல்லவில்லை.

அதே மீன்முள்ளைத் திருப்பதி அருகே காதங்கியில் 1,024 எண்ணிக்கையில், 32 வரிசை 32 பத்தியாக நட்டு, 53 மெகாஹெர்ட்ஸில் மேல்வானத்துக் காற்றை அளக்கிறார்கள். ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 அக்டோபர் 9 முதல் ராக்கெட் கிளம்புகிறது. "அங்க ராக்கெட்டோட பேசுறாங்க, நம்ம படகோட பேச முடியலியே?" என்று மாமா மகன் கேட்டான். பதில் மறுபடியும் கம்பம்தான். ராக்கெட் மேலே ஏற ஏற அதன் தொடுவானம் விரியும். நம் படகு நீர்மட்டத்திலேயே கிடக்கும். கடலில் பேசும் வி.எச்.எஃப். பெட்டிக்கு 156.8 மெகாஹெர்ட்ஸ் அபாய அலைவரிசை. படகில் 2 மீட்டர் உயரம், கரையில் 9 மீட்டர் மூங்கில்: 18 கி.மீ. கரைக்கம்பத்தை 25 மீட்டர் ஆக்கினால் 26 கி.மீ. பெட்டியின் வாட்டைக் கூட்டியெல்லாம் இந்த எட்டு கிலோமீட்டரை வாங்க முடியாது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, வெகுதொலைவில் மீன்பிடித்த குமரி மாவட்டப் படகுகளுக்குக் கரையிலிருந்து சேதி சொல்ல வழியில்லை. அதன்பிறகு நாவிக் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை வாங்கும் கருவிகள் வந்தன. முதலில் கேட்கத்தான் முடியும், பதில் சொல்ல முடியாது; இருவழிக் கருவிகள் பின்னால் வந்தன. தினசரி கண்ணெட்டும் தூரத்தில் வலை போடுகிறவனுக்கு இன்றும் கரைக்கம்பம்தான் துணை.

தோணிரேவில் 25 மீட்டர் கம்பம் இன்னும் கணக்கில்தான் இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் துறை மாணவர்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் இடம் பார்த்து அளந்துவிடலாம். ஏறுவதற்கு மாமா மகன் தயார். தட்டை ஒயர் மட்டும் கொண்டுவர வேண்டாம்.